சென்டோல எடுத்த படம் சரியா வரலையா? என்ன ஆச்சுன்னு பார்த்து சரி பண்ற வழி

ஜப்பான்ல ஊருக்குள்ள இருக்கற பழைய பொதுக் குளியல் கூடத்துக்கு சென்டோன்னு பேரு. மலைப்பக்கம் சுடுநீர் ஊத்துல குளிக்கற ஒன்சென் வேற, இது பெரும்பாலும் குழாய்த் தண்ணியையோ கிணத்துத் தண்ணியையோ காய்ச்சி ஊத்தற இடம், காசு கொடுத்து உள்ள போயி குட்டி ஸ்டூல்ல உக்காந்து நல்லா தேய்ச்சு குளிச்சுட்டு கடைசியா பெரிய தொட்டில கழுத்து வரைக்கும் முங்கி உக்காரணும். டோக்கியோல 2024 ஆகஸ்ட்ல பெரியவங்களுக்கு 550 யென் ஆச்சு. 1968 வாக்குல நாடு முழுக்க கிட்டத்தட்ட 18,000 சென்டோ இருந்துச்சு, இப்ப 2,000 கூட இல்ல. வீட்டுக்கு வீடு குளியலறை வந்துடுச்சு, எரிபொருள் விலை ஏறிடுச்சு, நடத்தறவங்களுக்கு வயசாயிடுச்சு, எடுத்து நடத்த பிள்ளைங்க வரல.

நான் டோக்கியோக்கு வேலைக்கு வந்து சில வருஷமாச்சு, லீவு நாள்ல சென்டோ சென்டோவா போயி படம் எடுக்கறேன். ஆரம்பத்துல எடுத்ததுல பாதிக்கு மேல வீணாப் போச்சு, ஏன் வீணாச்சுன்னு ஒவ்வொண்ணா புரிஞ்சுக்கவே ரெண்டு குளிர்காலம் ஆயிடுச்சு. உங்க படத்துல என்ன கோளாறு தெரியுதோ அந்த இடத்துக்கு நேரா போயி படிங்க, முழுசா படிக்கணும்னு இல்ல. ஆனா முதல் விஷயத்தை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீங்க, ஏன்னா மத்த பாதி கோளாறும் அங்கதான் சரியாகுது. தப்பான நேரத்துல உள்ள போனா எவ்வளவு நல்ல கேமராவும் அந்த ஆவிக்குள்ள ஒண்ணும் பண்ண முடியாது, சரியான நேரம் கிடைச்சுட்டா சாதாரண கேமராவே போதும்.

கேமராவை எடுத்த உடனே வேணாம்னு சொல்லிடறாங்க

சொல்லத்தான் செய்வாங்க. அது மனுஷங்க துணியில்லாம இருக்கற இடம், உடை மாத்தற ரூம்ல போன் எடுக்கக்கூட கூடாதுன்னு சுவத்துல ஒட்டியிருப்பாங்க. 2023 ஜூலை 13ல இருந்து ஆளுங்க உடம்பை ரகசியமா படம் பிடிக்கறது நாடு முழுக்க ஒரே சட்டத்துல குற்றம். சட்டத்தை விடுங்க, அங்க தினமும் குளிக்க வர்ற தாத்தா பாட்டி நிம்மதியா வந்துட்டுப் போகணும், அதை கெடுத்துட்டு எடுக்கற படம் எதுக்கு. அதனால இங்க சொல்ற எல்லாமே ஆள் யாரும் இல்லாத நேரத்துல, நடத்தறவங்க சம்மதத்தோட எடுக்கறதுக்கு மட்டும்தான்.

சரி பண்ற வழி இதுதான். முதல்ல கேமரா இல்லாம நாலஞ்சு தடவை குளிக்கப் போங்க. தொட்டில இறங்கறதுக்கு முன்னாடி உடம்பை நல்லா கழுவிடணும், சின்ன டவலை தண்ணில முக்கக் கூடாது, வெளிய வரும்போது உடம்பைத் துடைச்சுட்டு உடை மாத்தற இடத்துக்கு வரணும், இதெல்லாம் நீங்க சரியா செய்யறீங்களான்னு அவங்க பார்த்துட்டேதான் இருப்பாங்க. முகம் பழகினதும் பணம் கொடுக்கற இடத்துல நின்னு கேக்காதீங்க, பின்னாடி வரிசைல ஆள் நிப்பாங்க, ஒரு பக்கத்துல சின்னதா லெட்டர் எழுதிக் கொடுங்க. நான் யாரு, எதுக்கு எடுக்கறேன், எத்தனை நிமிஷம் ஆகும், படம் எங்க போகும், ஆள் யாரும் வரமாட்டாங்க, பிரிண்ட் கொண்டு வந்து கொடுப்பேன், அவ்வளவுதான். ஜப்பானிய மொழில எழுத வராதுன்னா தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு எழுதி வாங்குங்க.

நேரம் எதுன்னா, நிறைய சென்டோ மதியம் மூணு இல்ல நாலு மணிக்குத்தான் திறப்பாங்க, ராத்திரி மூடினப்புறம் கழுவி விடுவாங்க, மறுநாள் பகல்ல தண்ணி பிடிச்சு காய்ச்ச ஆரம்பிப்பாங்க. அந்த தண்ணி நிறைஞ்சுட்டு இருக்கற, இன்னும் முழுசா சூடேறாத ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு வேணும். அதைத்தான் லெட்டர்ல கேக்கணும். வாராந்திர லீவு நாள்ல வரட்டுமான்னு எடுத்த எடுப்புல கேக்காதீங்க, அவங்க ஓய்வெடுக்கற ஒரே நாள் அது.

பதிலுக்கு அவங்க "ச்சோத்தோ..."ன்னு இழுத்து நிறுத்தினா அதுக்கு அர்த்தம் முடியாதுன்னுதான். சிரிச்ச முகத்தோட சொல்லுவாங்க, ஆனா முடியாதுதான். தலை குனிஞ்சு நன்றி சொல்லிட்டு வழக்கம்போல குளிக்கப் போங்க. எனக்கு சரின்னு சொன்ன ஒரு இடத்துல முதல் தடவை கேட்டதுக்கும் அவங்க ஒத்துக்கிட்டதுக்கும் நடுவுல எட்டு மாசம் ஆச்சு, அந்த எட்டு மாசமும் நான் அங்க குளிச்சுட்டுதான் இருந்தேன்.

அதுவரைக்கும் கை பழகணும்னா ரெண்டு இடம் சொல்றேன். டோக்கியோ மேற்குல கொகானேய் பார்க்குக்குள்ள எடோ டோக்கியோ திறந்தவெளி கட்டிட மியூசியம் இருக்கு, அங்க கொடகாரா யு-ன்னு 1929ல கட்டின முழு சென்டோவை பிரிச்சுக் கொண்டுவந்து அப்படியே நிறுத்தி வச்சிருக்காங்க. கோயில் மாதிரி வளைஞ்ச முகப்பு, உசரமான கூரை, சுவர்ல ஃபுஜி மலை, எல்லாம் இருக்கு, தண்ணியும் ஆவியும் மட்டும் இல்ல. ட்ரைபாட் விதி என்னன்னு வாசல்லயே கேட்டுக்கோங்க. கியோட்டோல இருந்தீங்கன்னா சராசா நிஷிஜின்னு ஒரு காபி கடை, ஒரு காலத்துல சென்டோவா இருந்த கட்டிடம், சுவர் முழுக்க பூ வேலைப்பாடு புடைச்ச மஜோலிகா டைல்ஸ். காபி சொல்லிட்டு படம் எடுக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. பளபளக்கற டைல்ஸை எப்படி எடுக்கறதுன்னு அங்க கத்துக்கலாம்.

உள்ள போன உடனே லென்ஸ் முழுக்க மங்கலாயிடுது

இதுதான் எல்லாருக்கும் வர்ற முதல் அடி. நான் பட்டதை சொல்றேன். பிப்ரவரி மாசம், வெளிய அஞ்சு டிகிரி இருக்கும், முதல் தடவையா அனுமதி கிடைச்ச சென்டோ, நாப்பது நிமிஷம் கொடுத்திருந்தாங்க. பையைத் திறந்து கேமராவை எடுத்த உடனே லென்ஸ் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப்போச்சு. சட்டை நுனியால துடைச்சேன், மூணு செகண்ட்ல திரும்பவும் படிஞ்சுது, திரும்பவும் துடைச்சேன், அதுக்குள்ள துணியில இருந்த பிசுக்கும் சேர்ந்து கண்ணாடி முழுக்க கோடு கோடா இழுத்துடுச்சு. அந்த ஒகாமி-சான், அதாவது அந்த கடையை நடத்தற அம்மா, ஒண்ணும் சொல்லாம தரையைத் துடைச்சுட்டே காத்துட்டு இருந்தாங்க. நாப்பது நிமிஷத்துல முப்பது நிமிஷம் அப்படியே போச்சு.

காரணம் ஜில்லுன்னு தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளிய வேர்க்கும் பாருங்க, அதேதான். உள்ள 30 டிகிரி, 80 சதவீதம் ஈரப்பதம்னு வச்சுக்கிட்டா சுமார் 26 டிகிரிக்குக் கீழ இருக்கற எந்தப் பொருள் மேலயும் தண்ணி படியும். உங்க லென்ஸ் அஞ்சு டிகிரி குளிர்ல இருந்து வந்திருக்கு, அது 26 தாண்டற வரைக்கும் துடைச்சு பிரயோஜனமே இல்ல. துடைக்கறது வேலை இல்ல, லென்ஸை சூடாக்கறதுதான் வேலை.

வீட்டுல இருந்து கிளம்பும்போதே கேமராவை லென்ஸோட ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு, கூட ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, காத்தை அமுக்கி எடுத்துட்டு மூடுங்க. சென்டோக்கு போனதும் கவரைத் திறக்காம உடை மாத்தற ரூம்ல ஒரு அரை மணி நேரம், முடிஞ்சா முக்கால் மணி நேரம் வையுங்க. ஈரம் கவருக்கு வெளிப்பக்கம்தான் படியும், கேமரா மேல படியாது. இதுக்காகவே அனுமதி கேக்கும்போது அரை மணி நேரம் சேர்த்துக் கேளுங்க, அந்த நேரத்துல கேமரா இல்லாம உள்ள நடந்து எங்க நிக்கலாம்னு பார்த்து வச்சுக்கலாம்.

அவ்வளவு நேரம் இல்லன்னா கைரோ வாங்குங்க. குளிர்காலத்துல கோட் பாக்கெட்ல போட்டுக்கற சூட்டுப் பை, எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயும் கிடைக்கும். ரெண்டு கைரோவை லென்ஸ் குழலைச் சுத்தி வச்சு ரப்பர் பேண்ட் போட்டுடுங்க, ராத்திரி நட்சத்திரம் படம் எடுக்கறவங்க பனி படியாம இருக்க செய்யற அதே வேலைதான். எனக்கு இப்ப இது இல்லாம உள்ள போகவே தைரியம் வராது.

உள்ள இருக்கும்போது லென்ஸ் மாத்தாதீங்க, அந்த ஈரக்காத்து சென்சார்கிட்ட போயிடும். திரும்பி வரும்போதும் கவனம், கேமராக்குள்ள இருக்கற ஈரக்காத்து வெளிக் குளிர்ல உள்பக்கமே தண்ணியா மாறும், அதனால உடை மாத்தற ரூம்லயே புது சிலிக்கா ஜெல் போட்ட கவர்ல மூடிட்டு வெளிய வாங்க, வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திறங்க. கோடைல இந்த தொல்லை ரொம்பக் குறைவு, ஆனா அனுமதிங்கறது நம்ம சௌகரியத்துக்கு வர்றது இல்லையே.

லென்ஸ் சுத்தமா இருக்கு, ஆனா படமே வெளிறிப்போய் சாம்பலா இருக்கு

அது லென்ஸ் மேல இருக்கற நீர் இல்ல, நடுவுல இருக்கற ஆவி. தொட்டித் தண்ணி 42, 43 டிகிரி இருக்கும், சில டோக்கியோ சென்டோல அதுக்கும் மேல. நீங்களும் லைட்டும் ஒரே பக்கம் இருந்தா ஆவி மேல வெளிச்சம் பட்டு மொத்தப் படமும் திரை போட்ட மாதிரி ஆகும். ஃபிளாஷ் போட்டா கேக்கவே வேணாம், வெள்ளைச் சுவர்தான் வரும். ஃபிளாஷை பையிலயே விட்டுடுங்க.

ஆவியே வேணாம்னா தண்ணி சூடேறறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க, இல்லன்னா கூரைக்குக் கீழ இருக்கற மேல் ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறக்க முடியுமான்னு பணிவா கேளுங்க, அது ஆவி போறதுக்குன்னே வச்சதுதான். ஆவி அழகா தெரியணும்னா ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்த மாதிரி நில்லுங்க, வெளிச்சம் ஆவிக்குப் பின்னாடி இருந்து வந்தா அது சுருள் சுருளா தனியா எழும்பித் தெரியும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்ல இருந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் ஏத்துங்க, வெள்ளை டைலையும் ஆவியையும் பார்த்து கேமரா ஏமாந்து இருட்டாக்கிடும். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிட்டே இருந்துச்சுன்னா மேனுவலுக்கு மாத்திட்டு கரான்ல ஃபோகஸ் வையுங்க. கரான்னா சென்டோ குழாய், டச்சுக்காரங்க சொல்ற கிரான்ங்கற வார்த்தைல இருந்து வந்தது, சூட்டுக்கு சிவப்பு, பச்சைத்தண்ணிக்கு நீலம்னு குமிழ் இருக்கும், அந்த விளிம்பு நல்லா ஃபோகஸ் பிடிக்கும்.

படத்துல குறுக்கால பட்டை பட்டையா இருட்டு விழுது

எனக்கு இதுல ஒரு குழப்பம் ரொம்ப நாள் இருந்துச்சு. டோக்கியோல சரியா வந்த செட்டிங் கியோட்டோல பட்டை அடிச்சுது. கேமராதான் போச்சுன்னு நினைச்சு சர்வீஸ் வரைக்கும் கொடுத்துட்டேன், கேமராவுல ஒண்ணுமே இல்ல.

விஷயம் கரண்ட். ஜப்பான்ல கிழக்குப் பாதிக்கு 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதிக்கு 60 ஹெர்ட்ஸ். 1890கள்ல டோக்கியோக்காரங்க ஜெர்மனில இருந்து ஜெனரேட்டர் வாங்கினாங்க, ஒசாகாக்காரங்க அமெரிக்கால இருந்து வாங்கினாங்க, அது இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு சேரல. எல்லை எங்கன்னா, சென்டோ சுவர்ல வரைஞ்சிருக்கற அதே ஃபுஜி மலைக்கு மேற்கால ஓடற ஃபுஜி ஆறு. ட்யூப் லைட் அந்த எண்ணுக்கு ரெண்டு மடங்கு தடவை மின்னும், டோக்கியோல செகண்டுக்கு 100, கியோட்டோ ஒசாகால 120. ஷட்டர் அதோட ஒத்துப்போகலன்னா பட்டை விழும்.

அப்ப டோக்கியோல 1/50 இல்ல 1/100 வையுங்க, கியோட்டோ ஒசாகால 1/60 இல்ல 1/125. சென்னைல பழகின கைக்கு 1/50 தானா வரும், ஏன்னா நம்ம ஊரும் 50 ஹெர்ட்ஸ்தான், அது டோக்கியோ வரைக்கும் சரி. ட்ரைபாட் போட்டு அரை செகண்ட், ஒரு செகண்ட்னு எடுத்தீங்கன்னா இந்தத் தொல்லையே இல்ல, அத்தனை மின்னலும் அதுக்குள்ள கலந்து சமமாயிடும். சைலன்ட் ஷட்டர் மோடுல இந்தப் பட்டை இன்னும் மோசமா தெரியும், ஆள் இல்லாத இடத்துல அது எதுக்கு, சாதாரண மெக்கானிக்கல் ஷட்டரே போடுங்க.

எல்லாமே பச்சையா இல்ல நீலமா தெரியுது

பழைய ட்யூப் லைட் பச்சை அடிக்கும், மேல் ஜன்னல்ல இருந்து வர்ற பகல் வெளிச்சம் நீலம், தொட்டியோட நீல டைல் அதையும் கூரைக்கு எறியும். மூணும் கலந்தப்புறம் ஆட்டோ வைட் பேலன்ஸ் என்னதான் பண்ணும். நல்ல வழி ஒண்ணுதான், லைட்டை அணைக்கச் சொல்லிட்டு பகல் வெளிச்சத்துல மட்டும் எடுங்க, ட்ரைபாட் இருக்கே. அணைக்க முடியாதுன்னா கிரே கார்டை, அதாவது கலர் சரிபார்க்கற சாம்பல் அட்டையை, வாஷிங் இடத்துல வச்சு ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க, ரா ஃபைலா எடுங்க.

கண்ணால சரிபார்க்க எனக்கு கை கொடுக்கறது கெரோரின் வாளி. நிறைய சென்டோல மஞ்சள் பிளாஸ்டிக் குளியல் வாளி அடுக்கி இருக்கும், அடில கெரோரின்னு சிவப்பு எழுத்து, தொயாமா ஊர் மருந்துக் கம்பெனியோட தலைவலி மருந்து விளம்பரம், 1963ல இருந்து இருக்கு. அந்த மஞ்சள் எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்த்தா மறக்காது, படத்துல அது எலுமிச்சம் பச்சையாவோ ஆரஞ்சாவோ தெரிஞ்சா கலர் தப்புன்னு அர்த்தம். டோக்கியோ பக்கம் வாளி கொஞ்சம் பெருசு, கன்சாய் பக்கம், அதாவது கியோட்டோ ஒசாகா பக்கம், சின்னது. கன்சாய்ல ஆளுங்க தொட்டிலயே மொண்டு உடம்புல ஊத்துவாங்க, பெரிய வாளின்னா கை வலிக்கும், தண்ணியும் நிறைய போகும்.

ஃபுஜி மலை மேல வெள்ளைக் கீத்து விழுது

சுவர் ஓவியத்துக்காகவே சென்டோ போற ஆளு நான், அதனால இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். 1912ல டோக்கியோ கண்டா பக்கம் கிகாய் யு-ங்கற சென்டோல முதல் முதலா ஃபுஜி மலையை வரைஞ்சாங்க, வரைஞ்சவர் கவாகோயே கோஷிரோ, ஷிஸுவோகாக்காரர், தன் ஊர் மலையையே வரைஞ்சார். இன்னிக்கு இந்த வேலையே தொழிலா செய்யற ஓவியர்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம், மருயாமா கியோதோ, நகஜிமா மொரியோ, தனாகா மிஸுகி இவங்கதான் தெரிஞ்ச பேருங்க. கடை லீவு நாள்ல சாரம் கட்டி, பழைய படத்து மேலயே, வானத்துல இருந்து ஆரம்பிச்சு கீழ இறங்கி வருவாங்க, சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சுடும். குரங்கு வரைய மாட்டாங்க, ஜப்பானிய மொழில சரு-ன்னா குரங்கு, போயிடறதுங்கறதும் சரு-தான், வாடிக்கையாளர் போயிடுவாங்கன்னு. மறையற சூரியனும் கூடாது, உதிர்ற செவ்விலையும் கூடாது.

இந்த ஓவியம் பளபளன்னு இருக்கும், எண்ணெய் பெயின்ட். எதிர்ல இருக்கற ட்யூப் லைட் அப்படியே அதுல பிரதிபலிக்கும். பக்கவாட்டுல ஒரு ரெண்டடி நகர்ந்து பாருங்க, பாதி கேஸுக்கு அதுவே போதும். இல்லன்னா அந்த ஒரு லைட்டை மட்டும் அணைக்க முடியுமான்னு கேளுங்க. போலரைசர், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கற ஃபில்டர், உதவும், ஆனா வைட் லென்ஸ்ல போட்டா சுவரோட ஒரு பாதி கீத்து போகும், இன்னொரு பாதி போகாது, ஏன்னா ஒவ்வொரு இடத்துக்கும் கோணம் வேற. அதனால கொஞ்சம் பின்னாடி போயி 35 இல்ல 50 மில்லிமீட்டர்ல எடுங்க, முழு மலையும் வேணும்னா ரெண்டு மூணு துண்டா எடுத்து ஒட்டுங்க.

நிறைய இடத்துல மலை ஆண்கள் பக்கம் பாதி, பெண்கள் பக்கம் பாதின்னு தடுப்புச் சுவரைத் தாண்டிப் போகும். ரெண்டு பக்கமும் எடுக்கலாமான்னு முன்னாடியே லெட்டர்லயே கேட்டுடுங்க, அங்க போயி நின்னு கேட்டா அவங்களுக்கு சங்கடமா இருக்கும். கன்சாய்ல பெரும்பாலும் இந்த மலைச் சுவர் தேடாதீங்க, அங்க தொட்டி நடுவுல இருக்கும், அழகு டைல்ஸ்லயும் மரவேலையிலயும் இருக்கும். கியோட்டோ ஃபுனாவோகா ஒன்சென், பேர்லதான் ஒன்சென், நிஜத்துல சென்டோதான், 1923ல ஆரம்பிச்சது, உடை மாத்தற ரூம் மேல இருக்கற மரச் செதுக்கலை கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துட்டே இருக்கலாம்.

கண்ணாடில நீங்களே தெரியறீங்க

ஒவ்வொரு குழாய்க்கு மேலயும் ஒரு கண்ணாடி, ரெண்டு பக்கமும் வரிசையா, எங்க நின்னாலும் ஏதாவது ஒண்ணுல நம்ம தெரிவோம். போலரைசரால கண்ணாடி பிரதிபலிப்பு போகாது, டைல்லயும் தண்ணிலயும் மட்டும்தான் போகும், அதை முறுக்கி முறுக்கி நேரம் போக்காதீங்க. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல டைல் பட்டை இருக்கு பாருங்க, அதுக்கு நேரா லென்ஸ் வர்ற மாதிரி ட்ரைபாடை வையுங்க. பத்து செகண்ட் டைமர் போட்டுட்டு உடை மாத்தற ரூம் பக்கம் வந்துடுங்க. அப்புறமும் ட்ரைபாட் காலு எங்கயாவது எட்டிப் பார்த்தா, கேமராவை அரை அடி நகர்த்தி இன்னொண்ணு எடுத்து வச்சு பின்னாடி அந்த ஒரு கண்ணாடியை மட்டும் மாத்திக்கலாம்.

சுவரெல்லாம் உள்பக்கம் சாய்ஞ்ச மாதிரி இருக்கு

டோக்கியோ பாணி சென்டோ 1923 பூகம்பத்துக்கு அப்புறம் கோயில் மாதிரி கட்ட ஆரம்பிச்சது, உள்ள கூரை ரொம்ப உசரம். கூரையும் வேணும்னு கேமராவை அண்ணாத்தினா சுவர் சாயும். சென்டோல இந்தத் தப்பை மறைக்கவே முடியாது, ஏன்னா சுவர் முழுக்க டைல், ஒவ்வொரு டைலுக்கும் நடுவுல நேர்க்கோடு. அந்தக் கோட்டையே அளவுகோலா எடுத்துக்கோங்க, ஃப்ரேமோட ஓரமும் டைல் கோடும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒட்டிப் போகுதான்னு பாருங்க. கேமராவை மட்டமா வச்சு, செங்குத்தா திருப்பி எடுத்து, கீழ இருக்கற தரையை வெட்டிடுங்க. கேமராவை அண்ணாத்தாம லென்ஸை மட்டும் மேல நகர்த்தற ஷிஃப்ட் லென்ஸ் வாடகைக்கு கிடைச்சா வாங்கிட்டுப் போங்க, ஒரு நாள் வாடகைக்கு தகும்.

ஜன்னல் வெளுத்துப் போகுது, இல்ல கீழ இருட்டாயிடுது

ரெண்டு ஸ்டாப் வித்தியாசத்துல மூணு படம், ட்ரைபாட்ல, பின்னாடி சேர்த்துக்கலாம். மேக மூட்டமான நாள்னா இதுவும் தேவையில்ல.

ட்ரைபாட் போட்டும் படம் ஆடியிருக்கு

ஈர டைல்ல காலு மெதுவா வழுக்குது, கண்ணுக்குத் தெரியாது. ரப்பர் பாதம் இருக்கணும், கூர் முனை வேணவே வேணாம், 90 வருஷ டைல்ல ஒரு கீறல் விழுந்தா உங்களுக்கு அப்புறம் யாருக்குமே அங்க அனுமதி கிடைக்காது. நான் பழைய டென்னிஸ் பந்தை அறுத்து மூணு காலுக்கும் மாட்டிட்டுப் போறேன். தண்ணி ஓடற பள்ளத்துல காலை வைக்காதீங்க. குழாய் திறந்து தொட்டி நிறைஞ்சுட்டு இருந்தா சில பழைய கட்டிடத்துல மரத்தரையே லேசா அதிரும், உடை மாத்தற ரூம்ல இருந்து எடுக்கும்போது பக்கத்துல யாரும் நடக்காத நேரமா பாருங்க.

வெளிய எடுத்தது உப்பு சப்பு இல்லாம இருக்கு

பகல் உச்சில எடுத்திருப்பீங்க. திறந்த கொஞ்ச நேரத்துல, அதுவும் குளிர்காலத்துல நாலரை அஞ்சு மணிக்கு, வானம் கருநீலமா இருக்கும், உள்ள லைட் எரியும், வாசல் துணி, நோரென்னு சொல்லுவாங்க, அதுல ゆ-ங்கற ஜப்பானிய யு எழுத்து, சூட்டுத் தண்ணின்னு அர்த்தம், அது பின்னாடி வெளிச்சத்துல எரியற மாதிரி தெரியும். அந்த நேரம் இருபது நிமிஷம்கூட நிக்காது. துணி காத்துல ஆடுதுன்னா ஷட்டரை 1/125க்கு மேல ஏத்துங்க. உள்ள போற ஆளோட முகம் தெரியாம, துணியை விலக்கற முதுகு மட்டும் வர்ற மாதிரி எடுங்க, அதுவும் வாசல்ல நின்னு எடுக்கப் போறேன்னு உள்ள சொல்லிட்டுத்தான். புகைபோக்கி வேணும்னா நாலு தெரு தள்ளிப் போயி டெலி லென்ஸ்ல எடுங்க, பக்கத்துல நின்னா கூரைதான் தெரியும்.

எல்லாம் ஷார்ப்பா இருக்கு, ஆனா பார்த்தா ஹோட்டல் விளம்பரம் மாதிரி இருக்கு

சுத்தமான காலி ரூமை மட்டும் எடுத்தா அப்படித்தான் இருக்கும். அங்க தினமும் ஆள் வர்றாங்கங்கறது படத்துல தெரியணும், ஆனா ஆள் தெரியக்கூடாது. ஷூ வைக்கற லாக்கரோட மரச்சாவி, கையளவு பட்டையான மரத்துண்டு, கீழ பல்லு பல்லா வெட்டியிருக்கும், மேல எழுதின எண்ணு பாதி தேய்ஞ்சு போயிருக்கும். நான் ஒரு சென்டோல அந்தச் சாவி வரிசையைக் கிட்டப் போயி எடுத்தேன், ஒண்ணு மட்டும் கருத்து வழவழன்னு இருந்துச்சு, மத்ததெல்லாம் வெளிர் மரம். ஒகாமி-சான்கிட்ட கேட்டா, ஒருத்தர் பல வருஷமா அதே எண்ணைத்தான் எடுப்பாராம், மத்தவங்களும் அதை அவருக்குன்னு விட்டுடுவாங்களாம். மேக்ரோ லென்ஸ், பக்கவாட்டு வெளிச்சம், எஃப் 5.6, அந்தப் பெரியவர் கைப்பட்ட மினுமினுப்பு அப்படியே வந்துச்சு. நான் எடுத்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் அதுதான், அதுல ஃபுஜி மலையும் இல்ல, தொட்டியும் இல்ல.

அந்த மாதிரி தேடுங்க. பழைய எடை மெஷின், பிரம்புக் கூடை, நடுவுல உயரமா உக்காந்து ரெண்டு பக்கமும் காசு வாங்கற பந்தாய் மேடை, டைல்ல வரைஞ்ச கெண்டை மீன். கெண்டைக்கு ஜப்பானிய மொழில கொய், வான்னு கூப்பிடறதுக்கும் கொய், வாடிக்கையாளர் வாங்க வாங்கன்னு அர்த்தமாம். ஆனா வாடிக்கையா வர்றவங்க சோப்பு டப்பாவை பேர் எழுதி அலமாரில வச்சிருப்பாங்க, அது ஃப்ரேம்ல வந்தா பேரை மறைச்சுடுங்க, பொருளை மட்டும் தொட்டு நகர்த்தாதீங்க.

தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், கடையே மூடிட்டாங்க

இதுக்கு மட்டும் செட்டிங்கால வழி இல்ல. சென்டோக்களோட ராஜான்னு பேர் வாங்கின கித்தா செஞ்சு தைகொகு யு, 1929ல கட்டினது, 2021 ஜூன் மாசக் கடைசியில மூடிட்டாங்க. இன்னிக்கும் கித்தா வார்டுல இனாரி யு இருக்கு, 1930ல கட்டினது, 2019ல பதிவு பெற்ற பண்பாட்டுச் சொத்தா ஆச்சு. கோயென்ஜில கொசுகி யு 1933ல இருந்து இருக்கு. அப்படி நிக்கறது சிலதுதான், மத்த நிறைய இடத்துல வாசல்ல ஒரு தாள் ஒட்டியிருப்பாங்க, இந்த மாசக் கடைசியோட நிறுத்தறோம், இவ்வளவு வருஷம் வந்ததுக்கு நன்றின்னு.

அந்தத் தாளைப் பார்த்தா அன்னிக்கே கேமராவோட போயி நிக்காதீங்க, கடைசி வாரத்துல கூட்டம் அலைமோதும், அவங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. குளிச்சுட்டு வாங்க. மூடினப்புறம் இடிக்கறதுக்கு முன்னாடி சில வாரம் இருக்கும், அப்ப படமா எடுத்துக் கொடுக்கட்டுமான்னு ஒரு லெட்டர் போடுங்க. எனக்கு அப்படி ஒரு இடத்துல கூப்பிட்டாங்க. தண்ணி இல்ல, ஆவி இல்ல, லென்ஸ் மங்கல, வெளிச்சம் நாள் பூரா இருந்துச்சு, நான் மேல சொன்ன ஒரு கோளாறும் வரல. ஒகாமி-சான் காஞ்ச தொட்டிக்குள்ள இறங்கி ஒரு மூலைல குந்தி உக்காந்து, இந்த நாலு டைல் மட்டும் கலர் கொஞ்சம் வேற பாருங்க, எங்க வீட்டுக்காரர் அவரே பதிச்சது, அதை எடுப்பீங்களான்னு கேட்டாங்க. எஃப் 8, ஒரு செகண்ட், ட்ரைபாட் காலு ரொம்ப தாழ்வா. அந்த பிரிண்டை அடுத்த மாசம் கொண்டுபோய் கொடுத்தேன்.